நேற்றைய கூலி, இன்றைய மாவு: ஜஸ்வந்திபென் போபட்டும் தண்டையார்பேட்டை அப்பளக் குழுவும்

தண்டையார்பேட்டையில் நாங்கள் பதினோரு பெண்கள் சேர்ந்து அப்பளம் போட ஆரம்பித்தோம். ஏழாவது மாதம் நிறுத்திவிட்டோம். பண நஷ்டம் பெரிதில்லை. ஆனால் அந்தப் பதினோரு பேரில் நாலு பேர் அதற்கப்புறம் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒரே தண்ணி லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டு, பேசாமல் இருந்தார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. குழுவுக்குக் கணக்கு எழுதியவள் நான்.

எங்கே தவறினோம் என்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஜஸ்வந்திபென் போபட்டின் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். லிஜ்ஜத் அப்பளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மகளிர் குழுப் பயிற்சிக்குப் போனவர்கள் எல்லோருமே இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள். 80 ரூபாய் கடன், ஏழு பெண்கள், இன்றைக்குப் பல நூறு கோடி. கேட்போம், கைதட்டுவோம், டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அந்த 80 ரூபாய்க்கும் கோடிக்கும் நடுவே ஒவ்வொரு நாளும் என்ன செய்தார்கள் என்பதை யாரும் நிறுத்திச் சொல்வதில்லை. எனக்கு அந்த நடுப்பகுதிதான் தேவைப்பட்டது. எங்கள் கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை எழுதுகிறேன்.

கிர்காவ் மாடி

1959 மார்ச் 15. பம்பாயில் கிர்காவ் பகுதி, லோஹானா நிவாஸ் என்ற பழைய குடியிருப்பின் மொட்டை மாடி. குஜராத்திக் குடும்பங்களைச் சேர்ந்த ஏழு பெண்கள் அங்கே உட்கார்ந்து அப்பளம் இட்டார்கள். ஜஸ்வந்திபென் ஜம்நாதாஸ் போபட், பார்வதிபென் தோடானி, உஜம்பென் குண்டலியா, பானுபென் தன்னா, லாகுபென் கோகானி, ஜயாபென் விட்டலானி, திவாலிபென் லுக்கா. ஏழு பெயரையும் எழுதக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். ‘பென்’ என்றால் குஜராத்தியில் சகோதரி. நாம் பெயரோடு அக்கா சேர்ப்பது மாதிரிதான்.

பெரிய படிப்பு இல்லாதவர்கள். வீட்டு வேலை முடிந்தபின் மிச்சமாகும் நேரமும் சமையல் கையும்தான் முதல். சகன்லால் கரம்சி பாரேக் என்ற சமூகத் தொண்டர் 80 ரூபாய் கொடுத்தார். அவரை எல்லோரும் சகன் பாபா என்பார்கள், பெரியவரை அப்பா என்று கூப்பிடுவது போல. அந்தப் பணம் கடனாகக் கொடுக்கப்பட்டது. நன்கொடையாக இல்லை. நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த ஓர் அப்பளத் தொழிலை ஏற்று, அதிலிருந்து அடிப்படைச் சாமான்களை எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் தேறியது நாலே பாக்கெட். புலேஷ்வரில் தெரிந்த ஒரு வியாபாரியிடம் அதைப் போட்டார்கள். நஷ்டமே வந்தாலும் யாரிடமும் நன்கொடைக்குக் கை நீட்டுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு எடுத்தார்கள்.

மூன்றே மாதத்தில் ஏழு பேர் ஏறக்குறைய இருபத்தைந்து பேர் ஆனார்கள். முதல் வருட விற்பனை 6,196 ரூபாய். இந்த எண்ணை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து ரூபாய்தான், மதிப்பு அதிகம். ஆனாலும் இத்தனை பேருக்குள் பிரித்தால் ஒருவர் கைக்கு என்ன வந்திருக்கும்? பெரிய வருமானம் வந்ததால் அவர்கள் சேர்ந்து இருக்கவில்லை என்று அந்த எண்ணே சொல்கிறது. பிறகு எது அவர்களைச் சேர்த்து வைத்தது?

மாவு

அப்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வடசென்னையிலேயே இரண்டு வகை அப்பளமும் உண்டு. சௌகார்பேட்டையில் மின்ட் தெருவை ஒட்டிய சந்துகளில் குஜராத்தி, மார்வாடி வீடுகள் பல தலைமுறையாக இருக்கின்றன. அங்கே மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு இடும் பாபட் கிடைக்கும். தணலில் வாட்டித் தின்பார்கள். லிஜ்ஜத்தும் அந்த வகைதான். நம்முடையது வேறு. எண்ணெயில் போட்டதும் பொரிந்து உப்ப வேண்டும். உப்பாவிட்டால் கல்யாணப் பந்தியில் பெண் வீட்டார் தலைகுனிய வேண்டியதுதான்.

கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் உளுந்து வாங்கி, மில்லில் நைஸாக அரைத்து, உப்பும் அப்பளம் பொரிய உதவும் அப்பளக்காரமும் கரைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவு மாதிரி இளகக் கூடாது. கல் மாதிரி இருக்கும் அந்த உருண்டையை இடித்து இடித்துத்தான் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் குழுவில் மூத்த ஒரு அக்கா, உலக்கை விழும் சத்தத்தை வைத்தே, “இன்னும் பத்து குத்து” என்பார். பதம் வந்த மாவைக் கையில் நல்லெண்ணெய் தொட்டுக்கொண்டு நீளக் கயிறாகத் திரிப்போம். அதில் தையல் நூலைச் சுற்றிச் சட்டென்று இழுத்தால் ஒரே எடையில் துண்டு விழும். கத்தி வைத்தால் நசுங்கிவிடும். அப்புறம் தேய்ப்பது, உலர்த்துவது. வெயில் கூடினால் ஓரம் கீறும். குறைந்தால் நாலே நாளில் பூசணம். பிசைந்த மாவு மறுநாள் வரைகூடக் காத்திருக்காது. ஆக, இந்தத் தொழிலில் ஒவ்வொரு நாளும் அன்றன்றைக்கே முடிந்தாக வேண்டும். கைகள் தினம் வர வேண்டும்.

லிஜ்ஜத் பெண்களும் முதலில் ஒரு தவறு செய்தார்கள். இரண்டு தரத்தில் போட்டார்கள். நல்லது ஒரு விலை, சுமாரானது மலிவு விலை. சகன் பாபா அதைத் தடுத்தார். ஒரே தரம்தான் போட வேண்டும், அதில் ஒருபோதும் இறங்கக் கூடாது, இதை ஒரு வியாபாரமாகவே நடத்த வேண்டும், கணக்கை ஒழுங்காக எழுத வேண்டும் என்றார். உடைந்த அப்பளத்தை அவர்கள் விற்கவில்லை. அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டார்கள்.

நாங்களும் இரண்டு தரம் போட்டோம். கல்யாண அப்பளம் ஒன்று. மைதா கலந்த மெஸ் அப்பளம் இன்னொன்று. யாரைக் கேட்டாலும் நியாயமாகத்தான் தோன்றும், வாங்குகிறவன் வசதிக்கு ஏற்ற சரக்கு. ஆனால் உள்ளே நடந்தது வேறு. நல்ல கை உள்ளவர்களுக்குக் கல்யாண அப்பளம், மற்றவர்களுக்கு மெஸ் அப்பளம் என்று பிரிந்தது. கூலியும் பிரிந்தது. “நான் என்ன, மட்டமான கையா?” என்று ஒரு நாள் ஒருத்தி கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு தரம் வந்தால் மனிதர்களும் இரண்டு தரமாகிவிடுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. சகன் பாபாவின் அறிவுரையை நான் வெறும் தரக் கட்டுப்பாடாகப் படித்திருந்தேன். குழு உடையாமல் இருக்கவும் அதுதான் வழி என்று இப்போது நினைக்கிறேன்.

மழை

பம்பாயில் மழை நாலு மாதம். முதல் வருடம் அந்த நாலு மாதமும் அப்பளம் காயாததால் வேலையையே நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினார்கள். அவ்வளவுதான். மழையிலும் வேலை ஓடியது.

எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆனால் வடசென்னையில் உலர்த்துவது மற்ற மாதங்களிலும் லேசில்லை. காசிமேட்டுப் பக்கத்துக் கடல் காற்றில் எப்போதும் ஈரமும் உப்பும் இருக்கும், உளுந்து மாவு அதை இழுத்துக்கொள்ளும். முன்பு இன்னும் மோசம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரத்தில் மாடியில் காயப்போட்ட வேட்டியைத் தட்டினால் கரித்தூள் பறக்கும். உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2011இல் நிலக்கரியை எண்ணூர்ப் பக்கம் மாற்றிய பிறகுதான் அது நின்றது. என் அம்மா வடகம் பிழிந்தால் மேலே ஒரு புடவையைக் கட்டித்தான் காயவைப்பார். பக்கத்தில் ஒருவர் விசிறியோடு உட்கார வேண்டும்.

மழை வந்தபோது நாங்கள் என்ன செய்தோம்? உலர்த்தும் மெஷினுக்கு விலை விசாரித்தோம். விலையைக் கேட்டதும் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பேசினோம். பேசிக்கொண்டே இருந்ததில் கார்த்திகை முடிந்தது. வேலை இல்லாத அந்த ஆறு வாரத்தில் மூன்று பேர் வீட்டு வேலைக்குப் போய்விட்டார்கள், திரும்பி வரவில்லை. தலைக்கு மேல் பிரச்சினை வந்தபோது நாங்கள் மேலே பார்த்தோம், மெஷின், கடன், அதிகாரி என்று. அந்தப் பெண்கள் வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்து, கட்டிலையும் அடுப்பையும் கண்டுபிடித்தார்கள். எனக்கு இதை நினைத்தால் இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கூலி

லிஜ்ஜத்தின் ஒரு நாளைப் பார்ப்போம். விடியற்காலை நாலரை மணிக்கே கிளையில் ஒரு குழு மாவு பிசைய ஆரம்பித்துவிடும். மற்ற பெண்களைக் கூட்டிவர மினி பஸ் போகும். அவர்கள் நேற்று வீட்டில் இட்டு உலர்த்திய அப்பளத்தோடு வருவார்கள். அதை எடை போட்டு, பரிசோதித்து, வாங்கிக்கொண்டு, இட்ட கூலியைக் கொடுப்பார்கள். அந்தக் கூலிக்கு அவர்கள் பேச்சில் ‘வணை’ என்று பெயர். அப்புறம் இன்றைக்கு உரிய மாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நாளைக் காலை மறுபடி இதே.

நேற்றைய கூலி கையில் வந்த பிறகு இன்றைய மாவு. என் பார்வையில் லிஜ்ஜத்தின் உயிர் இந்த வரிசையில் இருக்கிறது. 80 ரூபாய் கதையை விட இது பெரியது.

ஏன் என்று வடசென்னையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே பல வீடுகளில் மாதச் சம்பளம் என்ற ஒன்று கிடையாது. அன்றன்றைய வரவில் அன்றன்றைய அரிசி. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் பெண்கள் விடிகாலையில் வட்டிக்குப் பணம் வாங்கி, கூடை மீன் விற்று, சாயந்திரமே திருப்பிக் கட்டுவார்கள். வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டுதான் கையில் தருவார்கள். தினவட்டிக்குக் கடன் கொடுத்து வசூலிக்க வரும் தண்டல்காரர் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டால் எந்த வீட்டுக் கதவு சாத்தப்படும் என்று எங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு வீட்டுப் பெண்ணிடம் போய், “வேலை செய்யுங்க, கடைக்காரர் காசு கொடுத்ததும் பிரிச்சுக்கலாம்” என்றால், அவள் உழைப்பு மூன்று வாரம் நம்மிடம் கடனாக நிற்கிறது என்று பொருள். அந்த மூன்று வாரத்துக்கு அவள் தண்டலில்தான் வாங்கிச் சாப்பிட வேண்டும்.

எங்கள் நோட்டில் இது அப்படியே இருக்கிறது. முதல் இரண்டு மாதம் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்றோம், கைமேல் காசு. மூன்றாவது மாதம் ஒரு பெரிய கடையில் சரக்கு எடுக்கச் சம்மதித்தார்கள். எங்களுக்கு ஒரே சந்தோஷம், தெருவே கேட்கிற மாதிரி சிரித்தோம். கடைக்காரர் சொன்ன தவணை 45 நாள். 45 நாள் அறுபதாயிற்று. ஒருமுறை பாதிப் பணம், ஒருமுறை ‘ரிட்டர்ன்’ என்று உடைந்த பாக்கெட்டுகள். கையில் 5,000 ரூபாய் முதல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் போட்டு விற்றுக் காசாக்கினால் மாதத்தில் பத்து முறை அது சுற்றும். 45 நாள் கடனில் கொடுத்தால் ஒரு முறைகூட முழுதாகச் சுற்றாது. எங்கள் முதல் முழுவதும் ஒரு கடையின் அலமாரியில் போய் உட்கார்ந்துகொண்டது. வேலை செய்தவர்களுக்குக் கொடுக்கப் பெட்டியில் காசு இல்லை. அந்த வாரங்களில் எங்கள் குழுவில் இரண்டு பேர் தண்டல் வாங்கினார்கள். விற்பனை கூடிய மாதத்தில்தான் அது நடந்தது.

லிஜ்ஜத்தில் விநியோகஸ்தர் சரக்கை எடுக்கும்போதே பணத்தைக் கட்டிவிட வேண்டும். பெண்களுக்குத் தினம் கூலி கொடுக்க வேண்டும் என்பதால் அங்கே கடன் வியாபாரத்துக்கு இடமில்லை. கூலி விதியும் விற்பனை விதியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றைத் தளர்த்தினால் மற்றது விழுந்துவிடும். சிறிய பணம் வேகமாகச் சுற்றியது என்பதால்தான் 80 ரூபாய் போதுமானதாக இருந்தது.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் வந்தது. 1989இல் தர்மபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. சேமிப்பும் கடனும் அவற்றின் அடித்தளம். அந்தக் குழுக்களால் என்னைப் போன்றவர்கள் வங்கிப் படியேறினோம், கையெழுத்துப் போட்டோம், கூட்டத்தில் எழுந்து பேசினோம். அதற்கு நான் என்றும் கடமைப்பட்டவள். ஆனால் கடனை நிர்வகிக்கப் பழகிய நாங்கள் வேலையை நிர்வகிக்கப் பழகவில்லை. யார் எத்தனை மணிக்கு வருவது, எதை எடை போடுவது, கூலியை எப்போது கொடுப்பது என்பதற்கு எங்களிடம் விதியே இல்லை. தவணை கட்டுவதற்கு மட்டும் கச்சிதமாக இருந்தது.

இடம்

மூன்றாவது வருடத்தில் லிஜ்ஜத்தில் முந்நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். மாடி கொள்ளவில்லை. அதனால்தான் பிசைந்த மாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முறையே வந்தது. அப்பளம் இடுகிறவர் வீடு சுத்தமாக இருக்கிறதா, இடவும் உலர்த்தவும் இடம் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார்கள். இடம் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. மாவு பிசைவது, பாக்கெட் போடுவது, பரிசோதிப்பது என்று கிளையிலேயே வேறு வேலை கொடுத்தார்கள்.

இது எங்களுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கும் விஷயம். கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. வாரியக் குடியிருப்பில் மாடி எல்லோருக்கும் பொது. வாடகை வீட்டில் மாடிச் சாவி வீட்டுக்காரர் இடுப்பில். எங்கள் குழுவில் மாடி வசதி உள்ள நாலு பேர்தான் அதிகம் இட்டார்கள், அதிகம் சம்பாதித்தார்கள். மற்றவர்கள் உழைக்கத் தயார், இடம் இல்லை. இட்ட எண்ணிக்கையைத் தவிர வேறு எந்த வேலைக்கும் நாங்கள் கூலி வைக்கவே இல்லை. மாவு இடித்த அந்த மூத்த அக்காவுக்குக்கூட! தோள் வீங்க இடித்தவருக்கு நோட்டில் ஒரு பத்தி கிடையாது. நான் எழுதிய நோட்டு அது.

மற்ற வருடங்கள்

இதற்குப் பிறகான வளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1962இல் போட்டி வைத்து லிஜ்ஜத் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். சுவை என்று பொருள். பரிசு 5 ரூபாய். 1966இல் சங்கமாகப் பதிவு செய்தார்கள். அந்த வருடமே காதி கிராமத் தொழில் ஆணையம் அங்கீகரித்து, நடைமுறை மூலதனமாக 8 லட்சம் ரூபாய் கொடுத்தது. ஏழு வருடம் சொந்தக் காலில் நின்ற பிறகுதான் அரசாங்கப் பணம் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1968இல் மகாராஷ்டிராவுக்கு வெளியே முதல் கிளை, குஜராத்தில் வாலோடில். பிறகு மசாலா, வடி என்ற பருப்பு வடகம், மாவு மில், அச்சகம் எல்லாம் வந்தன. தீப்பெட்டி, தோல் பொருள், ஊதுவத்தியிலும் இறங்கிப் பார்த்தார்கள், அவை நிற்கவில்லை. 2021இல் ஜஸ்வந்திபென்னுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட சமயத்தில் பத்திரிகைகள் லிஜ்ஜத்தின் வருட விற்பனையை 1,600 கோடி ரூபாய் என்றும், உறுப்பினர்கள் சுமார் 45,000 பெண்கள் என்றும் எழுதின.

ஜஸ்வந்திபென்

அப்போது அவருக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. விருது அவர் பெயரில் வந்தது. ஆனால் நிறுவனம் அவர் பெயரில் இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை. அதனால்தான் ஏழு பெயரையும் முதலிலேயே எழுதினேன். தொழில்முனைவர் என்றால் ஒரு முகம், ஒரு நாற்காலி, ஒரு வாரிசு என்று நமக்குப் பழக்கமாகிவிட்டது. முதல் நாள் மாடியில் உட்கார்ந்தவர், மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பங்கைத் தனக்கு எழுதிக்கொண்டிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்? சேருகிற ஒவ்வொரு பெண்ணும் சக உரிமையாளர், லாபமும் நஷ்டமும் எல்லோருக்கும் சமம், நேற்று வந்தவருக்கும் முதல் நாள் வந்தவருக்கும் என்று விதி வைத்தார்கள். உறுப்பினராகப் பெண்கள் மட்டும். டிரைவர், கணக்கர் மாதிரி வேலைகளில் ஆண்கள் சம்பளத்துக்கு இருப்பார்கள், உரிமையாளர் ஆக முடியாது. நிர்வாகக் குழுவுக்கு வருகிறவர்களும் அப்பளம் இட்டு வந்தவர்கள்தான். இப்படி ஒரு சொத்தை உண்டாக்கி, அதைத் தன் பிடியில் வைத்துக்கொள்ளாமல் விட்டதுதான் ஜஸ்வந்திபென்னின் வாழ்க்கையில் என்னை மிகவும் தொட்ட பகுதி.

குறையே இல்லையா என்றால், உண்டு. வீட்டில் செய்யும் துண்டு வேலைக்கு நேரக் கணக்கு கிடையாது. சமையல், துணி, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவே பலகையும் வந்து உட்காரும். உடம்பு முடியாத நாளில் இடாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. வீட்டில் வேலை என்றால் பிள்ளைகளும் கை கொடுப்பார்கள், அதையும் யோசிக்க வேண்டும். லிஜ்ஜத்தில் ஆரம்பத்தில் சின்னப் பெண்களையும் சேர்த்தார்கள். பிறகுதான் 18 வயது என்று வரம்பு வைத்தார்கள்.

நான் இதைக் கேட்கக் காரணம் இந்த மண்தான். 1918இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை இங்கே பெரம்பூரில்தான் தொடங்கினார்கள், பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து. என் தாத்தா அந்த ஆலையில் நெசவுப் பிரிவில் இருந்தவர். ஆலை 1996இல் மூடப்பட்டது, ஆனாலும் வேலை நேரம், கூலி, லீவு என்ற வார்த்தைகள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சிலேயே உண்டு. அந்த ஆலைக்கு வாசலும் சங்கும் இருந்தன. வாசலில் நின்று கேட்கலாம். வீட்டுக்குள் அப்பளம் இடும் பெண் எந்த வாசலில் நின்று கேட்பாள்? லிஜ்ஜத் இதற்குக் கொடுத்த பதில், அவளையே உரிமையாளர் ஆக்கியது. முழுப் பதில் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் காலையில் எல்லோரும் ஓரிடத்துக்கு வந்து, எல்லோர் கண் முன்னால் எடை போட்டு, எல்லோர் கண் முன்னால் காசு வாங்குகிறார்கள். ஒருவர் கூலி மற்றவருக்கு ரகசியம் இல்லை. எங்கள் குழுவில் நான் மட்டும் நோட்டை வைத்துக்கொண்டு, கேட்டால்தான் காட்டினேன். சந்தேகம் அங்கிருந்துதான் முளைத்தது.

மறுபடி

பழைய குழுவில் ஐந்து பேரும் புதிதாக மூன்று பேருமாக, போன ஆடியில் மறுபடி ஆரம்பித்தோம். ஒரே தரம், மைதா கிடையாது. கடைக்குக் கடன் கிடையாது. எடுத்தால் காசு, இல்லாவிட்டால் வணக்கம். இதனால் பெரிய கடை எதுவும் எங்களிடம் வாங்குவதில்லை. மூன்று மெஸ், ஒரு சமையல் கான்ட்ராக்டர், தெருவில் உள்ளவர்கள், அவ்வளவுதான் எங்கள் சந்தை. இடிப்பதற்கும் எடை போடுவதற்கும் பாக்கெட் ஒட்டுவதற்கும் கூலி வைத்தோம். மாடி இல்லாதவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். நோட்டு இப்போது என் வீட்டில் இல்லை, இடிக்கும் இடத்தில் ஆணியில் தொங்குகிறது.

ஐப்பசி வந்தது. கட்டில் தேடினோம். நைலான் நாடா போட்டது உதவாது, சூட்டில் உருகிவிடும். மூலக்கொத்தளத்தில் ஒரு பழைய சாமான் கடையில் கயிற்றுக் கட்டில் ஒன்று கிடைத்தது. தெருமுனை இஸ்திரிக்காரர் சாயந்திரம் வண்டியை மூடும்போது பெட்டியில் மிச்சமிருக்கும் தணலைக் கொடுக்கச் சம்மதித்தார். இரும்புச் சட்டியில் அதைப் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்தோம். கதவையும் ஜன்னலையும் திறந்தே வைத்தோம், கரிப்புகை உயிருக்கு ஆபத்து. முதல் ஈட்டில் அப்பளம் முழுக்கப் புகை வாசனை. அதை யாருக்கும் விற்கவில்லை, தெருவில் கொடுத்துவிட்டோம். அடுத்த ஈட்டுக்குத் தணல் மேல் சாம்பலைத் தூவி மூடினோம். மிதமான சூடு, வாசனை இல்லை. ராத்திரி பத்து மணிக்குத் தொட்டுப் பார்த்தால் ஓரம் கீறாமல் காகிதம் மாதிரி சலசலத்தது.

கார்த்திகையில் ஒரு காலை, நல்ல மழை. பேச்சை நிறுத்தியிருந்த நாலு பேரில் ஒருத்தி, அன்றைக்கு “நான் மட்டமான கையா” என்று கேட்டவள், முந்தின நாள் அப்பளத்தை டப்பாவில் போட்டுப் புடவைத் தலைப்பால் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது வாரமாக வருகிறாள். வாசலில் ஈரக் காலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். எடை போட்டேன், நோட்டில் எழுதி அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். 140 ரூபாயை எண்ணிக் கையில் கொடுத்தேன். அப்புறம் மாவை நிறுத்தேன்.